கொதிக்கும் தரையில் ஓடியவர்

சென்ற வருடம் வலயமட்ட மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றர் ஓட்டத்தில் நான் நான்காவதாக வந்தேன். 70 மீற்றர் வரை எனக்கு முன்னால் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே புரியவில்லை. உள்ள பலத்தையெல்லாம் திரட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பலத்தைக் கூட்டக் கூட்ட வேகம் குறைந்தது. இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி என்று இருவர் என்னைக் கடந்து போனார்கள். மாகாண மட்டத்துக்குப் போகும் வாய்ப்பு அந்தக் கடைசி 30 மீற்றரில் என்னை விட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதற் காரணம் உடை. முழுநீளக் காற்சட்டையும் நீண்ட கைச் சட்டையும் தலையை மூடிய துணியுமாக ஓடினால் எப்படி வெல்வது என்று உம்மாவிடம் அழுதேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. காக்கா மட்டும், முதலாவதாக வந்த பிள்ளையும் அதே மாதிரித்தானே உடுத்திருந்தாள் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

மூன்று நாள் கழித்து எங்கள் உடற்கல்வி டீச்சர் தனது கைத்தொலைபேசியில் எடுத்திருந்த என் ஓட்டத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். பார்க்க வெட்கமாக இருந்தது. கைகள் இரண்டும் இறுக்கிப் பொத்திய முட்டிகள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. கைகள் முன்னும் பின்னும் போகாமல் நெஞ்சுக்குக் குறுக்கே ஆடின. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, ஏதோ பாரம் இழுப்பவள் போல் இருந்தது என் முகம். கால் ஒவ்வொரு முறையும் உடம்புக்கு மிகவும் முன்னால் போய் விழுந்தது. உடையைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜெசி ஓவன்ஸ் ஓடிய பழைய படம் ஒன்றைக் காட்டி, அவருடைய கால்களைப் பார்க்காதே, இடுப்புக்கு மேலே மட்டும் பார் என்றார்.

பார்த்தேன். தலை அசையவில்லை. முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. கைகள் தளர்வாக, ஒரே தாளத்தில் போய் வந்தன. பக்கத்துச் சுவடுகளில் ஓடியவர்கள் எல்லோரும் எதனோடோ போராடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் யாருமில்லாத பாதையில் தனியே போவது போல் போய்க்கொண்டிருந்தார். இந்த மனிதர் யார், இப்படி ஓட எங்கே படித்தார் என்று அறியும் ஆவலில் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடியதில் ஓட்டத்தைவிட அதிகமாகவே கிடைத்தது.

1913 செப்டெம்பர் 12ஆம் திகதி அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தின் ஓக்வில் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பாட்டன் காலத்தில் குடும்பம் அடிமைக் குடும்பம். தந்தை ஹென்றி காலத்தில் பெயருக்குச் சுதந்திரம் இருந்தது, நிலம் இருக்கவில்லை. இன்னொருவருடைய நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைந்ததில் ஒரு பங்கைப் பெற்றுச் சீவித்தார்கள். பிள்ளைகள் பலர். அவர்களில் இளையவரான இவர் நோஞ்சான். ஒவ்வொரு குளிர்காலமும் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகக் கிடப்பார். ஒருமுறை நெஞ்சில் கட்டியொன்று வளர்ந்து மூச்சை அடைத்தது. வைத்தியரிடம் போகப் பணமில்லை. தாய் மேரி எம்மா கத்தியை நெருப்பில் சுட்டு, தன் கையாலேயே அதை வெட்டி எடுத்தார். அப்போது பிள்ளைக்கு ஐந்து வயதளவில்தான். இந்தப் பகுதியை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்தத் தாயின் கை நடுங்கியிருக்காதா?

பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். வீட்டில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஜே.சி. என்று அழைத்தார்கள். அவருக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் வேலை தேடி வடக்கே ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரத்துக்குப் போயிற்று. புதிய பாடசாலையில் ஆசிரியை பெயரைக் கேட்க, இவர் தெற்கத்திய உச்சரிப்பில் ஜே.சி. என்று சொல்ல, அவர் காதில் அது ஜெசி என்று விழுந்தது. திருத்திச் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இல்லை. இடாப்பில் ஏறிய அந்தப் பெயர்தான் பிற்காலத்தில் உலகம் முழுவதும் தெரிந்த பெயரானது.

அந்த நகரத்தின் ஃபெயார்மவுண்ட் கனிஷ்ட பாடசாலையில் உடற்கல்வி கற்பித்தவர் சார்ள்ஸ் ரைலி. வெள்ளையர், மெலிந்தவர், வயதில் மூத்தவர். இந்த மெல்லிய கறுப்பினப் பையன் ஓடுவதைக் கண்டு அவனைத் தனியே அழைத்தார். ஆனால் மற்றப் பிள்ளைகளைப்போல் பாடசாலை விட்டதும் பயிற்சிக்கு வர ஜெசியால் முடியாது. மாலையில் சப்பாத்துத் திருத்தும் கடையில் வேலை, கடைச் சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்படியானால் காலையில் வா என்றார் ரைலி. பாடசாலை தொடங்குமுன், நாள்தோறும், ஒரு மாணவனுக்காக அவர் வந்து நின்றார். பிள்ளை பசியோடு வருகிறான் என்பதை விளங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து காலை உணவும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுத்தார்.

ரைலி சொல்லிக் கொடுத்தவை இரண்டு விடயங்கள்தாம். ஓவன்ஸ் கடைசிவரை அவற்றைத்தான் நினைவுகூர்ந்தார்.

முதலாவது, தரை நெருப்பாகக் கொதிக்கிறது என்று நினைத்து ஓடுவது. கால் தரையில் பட்டதும் உடனே எடுத்துவிட வேண்டும், தங்கவிடக் கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நண்பகலில் செருப்பில்லாமல் கடற்கரை மணலில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் தானாகவே மேலே வந்துவிடும். முழங்கால் உயரும், குதி தரையில் படவே படாது, நுனிப்பாதம் மட்டும் தொட்டுத் தொட்டு எழும்பும். அதுதான் விரைவோட்டத்துக்குரிய காலடி. ரைலி அதைச் சூத்திரமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் உடம்புக்கு விளங்கும் ஒரு படமாகச் சொன்னார்.

இதன் காரணத்தை நான் விஞ்ஞான பாடப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்த்தேன். நியூற்றனின் மூன்றாம் விதிப்படி நாம் தரையைப் பின்னே தள்ளினால் தரை நம்மை முன்னே தள்ளும். காலை எட்டிப் போட்டு உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றினால் நடப்பது தலைகீழ். கால் தரையை முன்னே தள்ளுகிறது, தரை நம்மைப் பின்னே தள்ளுகிறது. ஒவ்வொரு அடியிலும் நாமே நமக்குத் தடை போட்டுக்கொள்கிறோம். நீண்ட அடி வைத்தால் வேகமாகப் போகலாம் என்று நினைத்து நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான். பாதம் இடுப்புக்கு நேர்கீழே, அல்லது அதற்குச் சற்றே முன்னால் விழுந்து, விரைவாகத் தரையை விட்டுவிட வேண்டும். அடியின் நீளம் பின்னாலிருந்து தள்ளுவதால் வர வேண்டியது. முன்னால் எட்டுவதால் வருவது போலி நீளம்.

இரண்டாவது பாடம் குதிரைகளிடம். ஒருநாள் ரைலி ஜெசியைக் குதிரைப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றார். பந்தயம் வைக்க அல்ல, பார்க்க. எந்தக் குதிரை வெல்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். பையன் பார்த்தான். அவ்வளவு வேகத்தில் ஓடும் மிருகத்தின் முகத்தில் பதற்றமில்லை. பக்கத்தில் வரும் குதிரையை அது முறைத்துப் பார்க்கவில்லை. ஓடத் தேவையான தசைகள் மட்டும் உழைத்தன. மற்றவை சும்மா இருந்தன. வெல்ல வேண்டும் என்ற வெறி குதிரைக்கும் உண்டு, ஆனால் அது உள்ளே இருக்கிறது, முகத்தில் இல்லை என்று ஜெசி விளங்கிக்கொண்டார். அதுவரை அவர் போட்டியில் எதிராளிகளை முறைத்துப் பார்ப்பவராம். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் விட்டுப் போயிற்று.

முகம் இறுகினால் கால் எப்படி மெதுவாகும் என்று நான் டீச்சரிடம் கேட்டேன். தசைகள் சோடிசோடியாக வேலை செய்கின்றன என்று அவர் விளக்கினார். ஒன்று சுருங்கும்போது அதற்கு எதிரானது தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். முழு உடம்பையும் இறுக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். தாடை இறுகினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் ஏறும், தோள் ஏறினால் கை வீச்சுக் குறுகும், கை வீச்சுக் குறுகினால் கால் வீச்சும் குறுகும். 100 மீற்றர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் உலக வீரர்கள் உட்பட எல்லோருடைய வேகமும் குறையத்தான் செய்கிறது. முந்திச் செல்பவர் வேகத்தைக் கூட்டியவர் அல்ல, குறைவாக இழந்தவர். என்னைக் கடந்து போன இருவரும் திடீரென்று வேகமெடுக்கவில்லை. நான்தான் என்னை இறுக்கி நிறுத்திக்கொண்டேன்.

ரைலியின் பயிற்சி ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ முடிந்துவிடவில்லை. மேல்நிலைப் பாடசாலைக்குப் போன பிறகும் அவரே கூட நின்றார். 1933இல் சிக்காகோவில் நடந்த பாடசாலைகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் 100 யார் தூரத்தை ஜெசி 9.4 செக்கன்களில் ஓடினார். யார் என்பது மீற்றரிலும் சற்றுக் குறைந்த பழைய அளவு; 100 யார் ஏறக்குறைய 91 மீற்றர். அந்த 9.4 அன்றைய உலக சாதனைக்குச் சமம். பாடசாலைப் பையன் ஒருவன்!

அதே ஆண்டு அவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் என்பதால் வளாக விடுதியில் இடம் தரவில்லை. வெளியே வாடகை அறையில் மற்றக் கறுப்பின மாணவர்களோடு தங்கினார். போட்டிகளுக்குப் பயணம் போகும்போது வெள்ளை வீரர்கள் உண்ட உணவகங்களில் அவர் உண்ண முடியாது. செலவுக்காக மாநில அரச கட்டடத்தில் சாமான் ஏற்றும் மின்தூக்கியை இயக்கும் வேலை பார்த்தார்.

அங்கே அவருக்குப் பயிற்சியளித்தவர் லரி ஸ்னைடர். ரைலி கொடுத்த தளர்வை இவர் குலைக்கவில்லை. குறை இருந்த இடத்தில் மட்டும் கைவைத்தார். ஓவன்ஸின் புறப்பாடு அவ்வளவு திறமாக இருக்கவில்லை. அக்காலத்தில் இன்று போல் புறப்பாட்டுக் கட்டைகள் இல்லை. நிலக்கரிச் சாம்பல் பரப்பிய ஓடுபாதையில் ஒவ்வொருவரும் சிறு மண்கரண்டியால் தங்கள் கால்களுக்குக் குழி தோண்டிக்கொள்ள வேண்டும். குழி ஆழமில்லை என்றால் முதல் அடி வழுக்கிவிடும். ஸ்னைடர் அவருடைய குந்திய நிலையை இன்னும் ஒடுக்கமாக்கி, வேட்டுச் சத்தத்தோடு வில்லிலிருந்து விடுபடுவது போல் வெளிவரப் பழக்கினார். நீளம் பாய்தலில் காற்றில் இருக்கும் வேளையில் கால்களை நடப்பது போல் அசைத்து உடலைச் சமநிலையில் வைக்கும் முறையையும் செம்மைப்படுத்தினார்.

இனி அந்த நாள். 1935 மே 25, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம். சில நாட்களுக்கு முன்புதான் ஓவன்ஸ் அறைத் தோழனோடு விளையாடும்போது படியில் விழுந்து முதுகை அடிபட வைத்திருந்தார். குனிந்து நிமிர முடியவில்லை. சுடுநீரில் ஊறிப் பார்த்தும் வலி போகவில்லை. போட்டியிலிருந்து விலக்கிவிட ஸ்னைடர் எண்ணினார். ஒரே ஒரு நிகழ்ச்சியில் ஓடிப் பார்க்கிறேன் என்று ஓவன்ஸ் கெஞ்சினார். பிற்பகல் 3.15க்கு 100 யார் ஓட்டம், 9.4 செக்கன்கள், உலக சாதனை சமன். பத்து நிமிடத்தில் நீளம் பாய்தல். ஒரே ஒரு பாய்ச்சல், 8.13 மீற்றர், புதிய உலக சாதனை. அது 1960 வரை, 25 ஆண்டுகள் எவராலும் முறியடிக்கப்படவில்லை. 3.34க்கு 220 யார் ஓட்டம், 20.3 செக்கன்கள், உலக சாதனை. நான்கு மணிக்கு 220 யார் தாழ்தடை ஓட்டம், 22.6 செக்கன்கள், மீண்டும் உலக சாதனை. முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று சாதனைகளை முறியடித்து நான்காவதைச் சமப்படுத்தினார். மின்தூக்கி இயக்குபவர், முதுகு வலியோடு.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்த வலியே அவருக்கு உதவியிருக்குமோ? அடிபட்ட முதுகை வைத்துக்கொண்டு யாரும் உடம்பை இறுக்கமாட்டார்கள். தேவையில்லாத அசைவு ஒன்றையும் செய்யமாட்டார்கள். இது என் ஊகம் மட்டுமே. டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றிலும் வென்றுகொண்டே போனார் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருடக் கோடையில் யூலஸ் பீகொக் என்ற இன்னொரு கறுப்பின வீரர் அவரை ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு தொடைத் தசை கிழிந்து பீகொக் ஒலிம்பிக்குக்குப் போக முடியாமற் போயிற்று. அந்தப் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1936 பேர்லின் ஒலிம்பிக் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஹிட்லரின் ஆட்சி, தங்கள் இனமே உயர்ந்த இனம் என்று உலகுக்குக் காட்ட நடத்திய விழா. அங்கே ஓகஸ்ட் 3ஆம் திகதி 100 மீற்றரை 10.3 செக்கன்களில், 4ஆம் திகதி நீளம் பாய்தலை 8.06 மீற்றரில், 5ஆம் திகதி 200 மீற்றரை 20.7 செக்கன்களில் வென்றார் ஓவன்ஸ். 9ஆம் திகதி 4 தர 100 மீற்றர் அஞ்சல் ஓட்டத்தில் அவரும் மற்ற மூவரும் 39.8 செக்கன்களில் உலக சாதனை படைத்தார்கள். நான்கு தங்கப் பதக்கங்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த படம், லெனி ரீஃபென்ஸ்டால் என்ற ஜேர்மனியப் பெண்மணி அந்த விளையாட்டை எடுத்த படத்தில் வருவது. ஓவன்ஸ் குழியில் கால் வைத்துக் குந்தியிருக்கிறார். அரங்கம் முழுவதும் நாசிக் கொடிகள். எந்த மனிதனுக்கும் அந்த இடத்தில் தாடை இறுகத்தான் செய்யும், தோள் ஏறத்தான் செய்யும். அவருக்கு ஏறவில்லை. கோபப்பட நியாயம் இருந்த இடத்தில் அவர் தளர்வாக ஓடினார். தரை கொதிக்கிறது; கால் தொட்டுவிட்டு எழும்புகிறது; முகத்தில் ஒன்றும் இல்லை. ரைலியின் குதிரைகள் அங்கேதான் ஓடின என்று எனக்குத் தோன்றியது.

நீளம் பாய்தலில் இரண்டாமிடம் பெற்ற ஜேர்மனிய வீரர் லூஸ் லோங், தன் நாட்டுத் தலைவர் பார்த்திருக்க, எல்லோருக்கும் முன்னதாக ஓடிவந்து ஓவன்ஸை வாழ்த்திக் கைகோத்து நடந்தார். 1943இல் இரண்டாம் உலகப் போரில் லோங் இறந்தார். அஞ்சல் ஓட்டத்தில் ஒரு கறையும் உண்டு. ஓட வேண்டியிருந்த இரண்டு யூத வீரர்களைக் கடைசி நேரத்தில் அமெரிக்கப் பயிற்றுநர்களே நீக்கிவிட்டு, ஓவன்ஸையும் இன்னொருவரையும் போட்டார்கள். தனக்கு மூன்று பதக்கம் போதும், அவர்களை ஓடவிடுங்கள் என்று ஓவன்ஸ் கேட்டும் நடக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது நியூயோர்க் தெருக்களில் ஊர்வலம் வைத்தார்கள். அவரைக் கௌரவிக்க ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து. விருந்துக்குரியவரே முன்வாசலால் போகும் மின்தூக்கியில் ஏற முடியாமல், சாமான் ஏற்றும் மின்தூக்கியில் மேலே போனார். மாணவராக அவர் இயக்கிய அதே வகை மின்தூக்கி. நாட்டின் ஜனாதிபதியிடமிருந்து ஒரு வாழ்த்துத் தந்தியும் வரவில்லை. ஒலிம்பிக் முடிந்தவுடன் ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓடவிட்டுப் பணம் சேர்த்த மெய்வல்லுநர் சங்கம், களைத்துப்போய் வீடு திரும்பினார் என்பதற்காக அவரைத் தடை செய்தது. அவருடைய ஓட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. வயது 23கூட ஆகவில்லை. இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது.

1936 டிசெம்பரில் கியூபாவின் ஹவானா நகரத்தில் ஓவன்ஸ் ஜூலியோ மக்கோ என்ற பந்தயக் குதிரையோடு ஓடினார். 100 யார் தூரம், அவருக்கு 40 யார் முன்னிடம். வென்றார். அது ஒரு தொழிலாகவே ஆகியது. காசுக்காகக் குதிரைகளோடும் நாய்களோடும் மோட்டார் வண்டிகளோடும் ஓடினார். அதில் ஒரு தந்திரமும் இருந்தது. வேட்டுக்கு மிரளும் குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதன் காதருகே துப்பாக்கியை வெடிக்க வைத்தால், அது திகைத்து நின்று ஓடத் தொடங்குமுன் அவர் பாதித் தூரம் போய்விடுவார். சிறுவனாகத் திடலின் ஓரத்தில் நின்று குதிரைகளிடம் ஓட்டம் படித்தவர், உலகிலேயே வேகமான மனிதனாகிய பின் அந்தக் குதிரைகளை மிரளவைத்து வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. அவமானமாக இருக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதிலின் சாரம், பதக்கங்களைத் தின்ன முடியாது என்பதே. குடும்பம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சலவைத் தொழில் ஒன்று தொடங்கிக் கடனாளியாகி 1939இல் வங்குரோத்தானார். பல வேலைகள் பார்த்தார். 1950களில் நிலைமை மாறியது. 1955இல் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியா, மலாயா, பிலிப்பைன்ஸ் நாடுகளுக்கு அனுப்பியது; போன இடங்களில் இளைஞர்களுக்கு ஓட்டம் பழக்கினார். 1976இல் ஜனாதிபதி ஃபோர்ட் நாட்டின் அதியுயர் சிவில் விருதை வழங்கினார். தந்தி வராத வருடத்திலிருந்து 40 ஆண்டுகள். நெடுங்காலம் புகைபிடித்ததால் வந்த நுரையீரல் புற்றுநோயோடு 1980 மார்ச் 31ஆம் திகதி தனது 66ஆவது வயதில் காலமானார். நெஞ்சில் கட்டியோடு தொடங்கிய வாழ்க்கை.

அவரை வாசித்த பிறகு நான் மறுபடி ஓடப் போனேன். எங்கள் டீச்சர் காலை 6.15க்கு மைதானத்தில் நிற்பார். அவருடைய வீடு இரண்டு பஸ் தூரம். இதுவரை அவர் அங்கே நிற்பது எனக்குச் சாதாரண விடயமாகத்தான் இருந்தது, கடமைக்கு வருகிறார் என்று நினைத்திருந்தேன். ரைலியைப் பற்றி வாசித்த மறுநாள்தான், எந்த நேரசூசியிலும் அந்தக் காலை 6.15 இல்லை என்பது எனக்கு உறைத்தது. நான்கு மாதம் நான் வேகமாக ஓடவே இல்லை. முழங்காலை உயர்த்தும் பயிற்சி, நுனிப்பாதத்தில் துள்ளும் பயிற்சி, நின்ற இடத்தில் கைவீச்சு. கை இடுப்புக்கருகிலிருந்து முகத்தின் உயரம்வரை போகவேண்டும், நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பிறகு முக்கால் வேகத்தில் 60 மீற்றர், முகத்தைத் தளரவிட்டு. கடைசியாக, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொரித்த பப்படத் துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. முட்டி இறுகினால் பப்படம் நொறுங்கும். முதல் வாரம் ஒரு பக்கெற் பப்படம் மைதானத்துக் காகங்களுக்குப் போயிற்று. உம்மா கணக்குக் கேட்டார்.

இந்த வருடம் வலயமட்டத்தில் எனக்கு மூன்றாமிடம். மாகாணத்துக்குத் தெரிவானேன், அங்கே இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. சென்ற வருடத்திலும் பார்க்க அரைச் செக்கன் குறைந்திருக்கிறது. அதே உடைதான். காணொளியில் கடைசி 30 மீற்றரைப் பல தடவை பார்த்தேன். தோள் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

இப்போது தரம் 7இல் ஒரு தங்கை காலையில் எங்களோடு ஓட வருகிறாள். நல்ல கால்கள். ஆனால் ஓடும்போது முகத்தைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறாள் போலிருக்கும். நேற்று அவள் 60 மீற்றரை முடித்துவிட்டு வந்து, மூச்சு வாங்க என் முன்னால் கையை விரித்துக் காட்டினாள். பப்படம் தூளாகியிருந்தது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன்.